ஐம்பத்தாறு ஏடுகளின் முதுகு

ஐம்பத்தாறு மூங்கில் ஏடுகள் பாயின் மேல் பரவிக் கிடந்தன. அவற்றில் முதல் ஏடு எது என்று ரோங்குக்குத் தெரியும். அதில் உள்ள வரியை லான்லிங் ஊரில் நடை பழகும் குழந்தைகூடச் சொல்லும். கடைசி ஏடும் தெரியும். நூலில் மொத்தம் எத்தனை எழுத்துகள் என்ற கணக்கு அதில் எழுதியிருந்தது. நடுவில் வரவேண்டிய ஐம்பத்து நான்கும் எந்த வரிசையில் வரும்? விடிந்ததிலிருந்து பார்க்கிறாள், பிடிபடவில்லை.

வேறு எந்தச் சுருளாக இருந்தாலும் இவ்வளவு தொல்லை இருந்திருக்காது. ஒரு வாக்கியம் ஒரு ஏட்டில் தொடங்கும். இடம் போதாமல் அடுத்த ஏட்டில் போய் முடியும். உடைந்த பானையின் ஓடுகளைப் போல விளிம்பு பார்த்துப் பார்த்துச் சேர்த்துவிடலாம். ஆனால் இதைப் படியெடுத்தவர் அவள் கணவனின் கொள்ளுத்தாத்தா. மகா சுத்தக்காரர். ஏடு முடிகிற இடத்தில் வாக்கியமும் முடிய வேண்டும் அவருக்கு. இடம் மிஞ்சினால் எழுத்தைத் தள்ளித் தள்ளிப் போடுவார், போதாவிட்டால் நெருக்கிப் போடுவார். அதனால் ஒவ்வொரு ஏடும் தனக்கென்று தலையும் காலும் உள்ளதாக இருந்தது. எதை எதற்குப் பக்கத்தில் வைத்தாலும் பொருந்திப் போனது.

எண் போட்டிருக்கலாமே? மற்ற ஊர்களில் போடுவார்கள். லான்லிங்கில் மாட்டார்கள். ஷுன் ச்சிங் ஆசான் எங்கெங்கோ சுற்றி, மூன்று முறை பெரிய கல்விச்சாலைக்குத் தலைமை வகித்து, பொறாமைக்காரர்களின் வாயில் விழுந்து, முதுமையில் இந்த வட்டாரத்துக்குத் தலைவராக வந்தவர். பதவி போன பிறகும் ஊரை விட்டுப் போகவில்லை. இங்கேயே இருந்து எழுதினார், இங்கேயே மண்ணுக்குள் போனார். இருநூறு ஆண்டுகள் கழிந்தும் ஊர் ஆண்கள் தங்கள் பெயருக்குப் பின்னால் 'ச்சிங்' என்று ஒட்டிக்கொள்வது அவர்மேல் உள்ள பிரியத்தால்தான். சந்தையில் நின்று "ச்சிங்!" என்று கூப்பிட்டால் பத்துத் தலைகள் திரும்பும். அப்படிப்பட்ட ஊரில் ஆசானின் நூலுக்கு எண் போடுவது, 'எனக்கு இது மனப்பாடம் இல்லை' என்று தானே தண்டோரா போடுவது போல.

அந்தக் கௌரவம்தான் நேற்று அவர்கள் காலை வாரிவிட்டது.

பேரரசர் நாடெங்கும் உள்ள பழைய நூல்களைத் திரட்டச் சொல்லியிருந்தார். அதற்காகத் தலைநகர் சாங்ஆனிலிருந்து லியாங் என்ற அதிகாரி வந்து ஊர்ச் சத்திரத்தில் தங்கியிருந்தார். ரோங்கின் கணவன் வென்ச்சிங் பள்ளி ஆசிரியன். உத்தரத்தில் கட்டியிருந்த சுருளை இறக்கி, இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு போய், அதிகாரி முன்னால் இடுப்பு வளையக் குனிந்து வணங்கினான். சுருளைக் கோத்திருந்த சணல் கயிறு உள்ளுக்குள் இற்றுப் போயிருந்தது. அவன் குனிந்த குனிப்பில் கயிறு நான்கு இடத்தில் விட்டுப்போய், ஏடுகள் பொலபொலவென்று தரையில் கொட்டின. பதறிப்போய் ஓரடி பின்வாங்கியவன் ஒரு ஏட்டை மிதித்து இரண்டாக உடைத்தும் விட்டான்.

லியாங் அதட்டவில்லை. "வாத்தியாரே, வரிசை இல்லாத நூல் நூல் இல்லை, விறகு. நாளைக்கு உச்சிப் பொழுதுல என் வண்டி கிளம்புது. அதுக்குள்ள சேர்த்துக் கொண்டு வாங்க. இல்லேன்னா பெய் ஐயா குடுத்த சுருளையே எடுத்துட்டுப் போறேன்" என்றார்.

பெய் யாவ்ச்சிங் ஊரின் பெரிய தனக்காரர். அவரிடம் இருந்த அதே நூல், சிவப்புப் பட்டுக் கயிற்றில் புத்தம் புதிதாகக் கோக்கப்பட்டுத் தயாராக இருந்தது. அதில்தான் வினையே.

நான்கு ஏடுகளை மட்டும் ரோங் தனியே எடுத்து வைத்திருந்தாள். ஒன்றில், சிலர் இப்படிச் சொல்கிறார்கள் என்று இருக்கும். ஒன்றில், நான் அப்படி நினைக்கவில்லை என்று ஆசான் மறுப்பார். மூன்றாவது, நல்லவர்கள் பிறக்கும்போதே நல்லவர்களாகப் பிறக்கிறார்கள் என்கிறது. நான்காவது, தெருவில் போகிற எவரும் விடாமல் பழகினால் வெள்ளத்தை அடக்கிய யூ மன்னரைப் போல ஆகலாம் என்கிறது.

இந்த நான்கை வைத்து இரண்டு நூல் செய்யலாம். பெய் வீட்டுச் சுருளில், 'சிலர் சொல்கிறார்கள்' என்பதற்குப் பிறகு தெருவில் போகிறவர் ஏடு வரும். உடனே ஆசானின் மறுப்பு. அதற்குப் பிறகு, நல்லவர்கள் பிறப்பிலேயே நல்லவர்கள். வென்ச்சிங்கின் வீட்டில் தலைமுறையாகச் சொல்லி வந்தது நேர் தலைகீழ். நல்லவர்கள் பிறப்பிலேயே நல்லவர்கள் என்று சிலர் சொல்கிறார்கள், ஆசான் மறுக்கிறார், தெருவில் போகிற எவரும் ஆகலாம் என்று அவரே அடித்துச் சொல்கிறார். ஒரு எழுத்துக்கூட மாறவில்லை. இரண்டு ஏடுகள் இடம் மாறினால் ஆசானே வேறு ஆளாகிவிடுகிறார்.

இது வெறும் ஏட்டுச் சண்டையும் இல்லை. வென்ச்சிங்கின் பள்ளியில் பதினொரு பிள்ளைகள் படித்தார்கள். அவர்களில் ஆறு பேர் சூளைத் தெருப் பிள்ளைகள், தண்டனை பெற்றுத் தலை மழிக்கப்பட்டவர்களின் வம்சம். அவர்களை வெளியே அனுப்பச் சொல்லி வட்டாரத் தலைவரிடம் பெய் மனு கொடுத்திருந்தார். ஆசானே சொல்லியிருக்கிறார் என்று தம் சுருளையும் காட்டியிருந்தார். அரண்மனை எந்தச் சுருளை ஏற்கிறதோ அதன்படி செய்கிறேன் என்று வட்டாரத் தலைவர் சொல்லிவிட்டார். அந்த ஆறு பேரில் ஒருவன் ரோங்கின் தம்பி மகன். ரோங்கின் அப்பாவும் தலை மழிக்கப்பட்டவர்தான். தண்டனை முடிந்து வந்து, சூளைத் தெருவில் கட்டையை ஆவியில் வேகவைத்து வளைத்து, வண்டிச் சக்கரம் செய்து பிழைத்தவர்.

"ரோங், நான் சொல்றதைக் கேளு. எனக்கு இது தலைகீழ்ப் பாடம்" என்று வென்ச்சிங் பாயின் ஓரத்தில் உட்கார்ந்தான்.

"தலைகீழ்ப் பாடம்தாங்க. அதுதான் பிரச்சினையே. நேத்துலேருந்து நாலு தடவை சொன்னீங்க. நாலும் நாலு விதம்."

"பதட்டத்துல வரமாட்டேங்குது. பக்கத்து வீட்டு ரெண்டு ச்சிங்கையும் கூப்பிட்டுக் கேட்டேனே."

"ஆமா, மூணு பேரும் சேர்ந்து சொன்னீங்க. முதல் வரி ஒண்ணா வந்தது. அப்புறம் சந்தையில ஆடு விலை பேசற மாதிரி இருந்தது. கொஞ்சம் அந்தப் பக்கம் நகருங்க. நேத்து மிதிச்சது போதாதா?"

வென்ச்சிங் காலை இழுத்துக்கொண்டான். உடைந்த ஏட்டின் இரண்டு பாதிகளையும் எடுத்துச் சேர்த்துப் பார்த்துப் பெருமூச்சு விட்டான். "இதையாவது புதுசா எழுதி வைப்போம். பான்கிட்ட ஒரு வெறும் ஏடு வாங்கிட்டு வர்றியா? நான் போனா ஊரே சிரிக்கும்."

ரோங் எழுந்தாள். உட்கார்ந்து உட்கார்ந்து கால் மரத்துப் போயிருந்தது. வெயில் அப்போதுதான் கூரையைத் தொட்டிருந்தது.

மேற்கு வாசல் பக்கம் பானின் பட்டறை. ஊருக்கு வேண்டிய வெற்றுச் சுருள் அத்தனையும் அங்கேதான் ஆகும். பானும் சூளைத் தெருவில் அவளோடு விளையாடி வளர்ந்தவன். மூங்கிலைத் தவிர வேறு எதையும் படிக்கத் தெரியாது அவனுக்கு. தன் பெயரில் 'ச்சிங்' இல்லாத ஒரே ஆண் என்று சொல்லிக்கொள்வதில் அவனுக்கு அலாதிப் பெருமை.

"வாங்க வாத்தியாரம்மா! உங்க வீட்டுக்காரர் ஒரு கும்பிடு போட்டாராமே, நூலே உதிர்ந்துடுச்சாமே!"

"சிரிச்சு முடிச்சாச்சா? ஏடு எழுத ஒரு மூங்கில் தப்பை குடு. அரை முழ நீளம்."

"ஒரே ஒரு தப்பையா? நான் என்ன பல் குத்தற குச்சியா விக்கறேன்? இரு, இதை முடிச்சுட்டுத் தேடித் தரேன்."

அவன் மடியில் அளவுக்கு அறுத்த மூங்கில் துண்டு ஒன்று இருந்தது. இன்னும் பிளக்கவில்லை; பச்சைத் தோலோடு முழு உருளையாக இருந்தது. பான் கத்தி நுனியை மேல் விளிம்புக்குக் கொஞ்சம் கீழே வைத்தான். மற்றொரு கையால் மூங்கிலை மெல்ல உருட்டினான். கத்தி சரிந்து சரிந்து இறங்கியது. உருளையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தபோது கோடு தொடங்கிய இடத்துக்கு வந்து சேரவில்லை. அதற்கு மூன்று விரற்கடை கீழே வந்து நின்றது. மலைப்பாதை ஒரு குன்றைச் சுற்றி இறங்குவது போல.

"அது என்ன?"

"எது?"

"இப்ப கீறினியே."

"கோடு."

"கோடுன்னு எனக்கும் தெரியுது. எதுக்கு?"

பான் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தான். இத்தனை வருஷத்தில் யாரும் அவனை இதைக் கேட்டதில்லை. "இதைப் பிளந்தா இருபது தப்பை வரும். சீவணும், நெருப்புல காட்டணும், பச்சை ஈரம் வேர்த்துச் சொட்டறவரைக்கும் வாட்டணும், இல்லேன்னா பூச்சி தின்னுடும். இத்தனையும் பண்றதுக்குள்ள இருபதும் கலந்து போயிடும். ஒரே மூங்கில்ல பக்கத்துல பக்கத்துல இருந்ததை மறுபடி பக்கத்துல பக்கத்துல வெச்சுக் கோத்தாத்தான் சுருள் வழவழன்னு சுருளும். மாத்திக் கோத்தா ஒண்ணு தூக்கும், ஒண்ணு இறங்கும், கோணல் சக்கரம் போட்ட வண்டி மாதிரி. அதுக்குத்தான் கோடு. எல்லாத்தையும் கவுத்துப் போட்டு, கோட்டோட துண்டுகளை ஒண்ணுக்கு அடுத்து ஒண்ணு சேர்த்துட்டே போனா, படிக்கட்டு மாதிரி வரிசை தானா இறங்கிடும். கோத்து உங்ககிட்ட குடுத்துடுவோம். நீங்க அப்புறம் எழுதுவீங்க."

ரோங் அந்த உருளையை வாங்கிக் கோட்டை விரலால் தடவினாள். "கோத்த பிறகுதான் எழுதறோம்."

"பின்னே? கோக்காம எழுதினா காத்துல பறக்கும்."

"பான், உங்க அப்பாவும் இப்படிக் கீறுவாரா?"

"அப்பா கீறினார், தாத்தா கீறினார், அவரோட அப்பாவும் கீறினார். என்ன, ஏதாவது தப்பா? ஏ ரோங்! தப்பை வேணாமா? இந்தா, ஏய்!"

அவள் அதற்குள் தெருமுனை தாண்டியிருந்தாள். பாவாடையின் விளிம்பைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு ஓடினாள். வாசலில் தினையைக் காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்கள் யார் வீட்டிலோ தீப்பிடித்துவிட்டது என்று எழுந்து நின்றார்கள்.

நூலைத் திருப்பிப் பார்க்கிறவர் யார்? முகம் பார்த்துப் படிக்கிறோம். முதுகு, சுருட்டியபோது வெளிப்பக்கம் வந்து, புகையும் கை அழுக்கும் ஏறிக் கறுத்துக் கிடக்கிறது. வீட்டுக்குள் நுழைந்ததும் ரோங் குனிந்து கைக்கு வந்த ஏட்டைத் திருப்பினாள். பாவாடை ஓரத்தை நனைத்து அழுத்தித் துடைத்தாள். கறுப்புக்கு அடியில் மயிரிழை போல ஒரு கீறல், சாய்வாக.

"என்னங்க! எல்லாத்தையும் கவுத்துப் போடுங்க!"

"கவுத்தா? எழுத்து தெரியாதே!"

"எழுத்தை மறந்துடுங்க!"

இருவரும் குந்தி உட்கார்ந்து ஐம்பத்தாறையும் கவிழ்த்தார்கள், துடைத்தார்கள். முதலில் கணுவைப் பார்த்துப் பிரித்தாள் ரோங். ஒரே மூங்கிலில் பிளந்த தப்பைகளில் கணுவின் தடம் ஒரே உயரத்தில்தான் இருக்கும். மேலே கணு உள்ளவை பத்தொன்பது. நடுவில் உள்ளவை பதினெட்டு. கணுவே இல்லாதவை பத்தொன்பது. ஆக மூன்று மூங்கில்கள்.

பிறகு கோடு. சாய்வாகக் கீறியதில்தான் சூட்சுமம் என்று அவளுக்கு அப்போது உறைத்தது. நேராக வளையம் போலக் கீறியிருந்தால் எல்லாத் தப்பையிலும் ஒரே உயரத்தில் கோடு விழும். எது எதற்கு அடுத்தது என்று சொல்லாது. சாய்ந்த கோடோ ஒவ்வொரு தப்பையிலும் ஒரு நூலளவு இறங்கி விழுகிறது. மிக உயரத்தில் கோடு உள்ளது ஒரு முனை, மிகத் தாழ்வில் உள்ளது மறுமுனை. இடையில் உள்ளவை தத்தம் இடத்தில் போய் உட்காருகின்றன. முதல் மூங்கிலின் தப்பைகளை இடமிருந்து வலமாக அடுக்கினாள். கோடு மேலே இடக்கோடியில் தொடங்கி, ஒரே இழையாக, வலக்கோடிக்குச் சரிந்து இறங்கியது. வென்ச்சிங் "ஆ!" என்று கத்தியதில் கூரையிலிருந்த குருவி பறந்தது.

அவசரமாக ஒவ்வொரு ஏடாகத் திருப்பினார்கள். வலக்கோடியிலிருந்து படிக்கத் தொடங்கிய வென்ச்சிங்கின் முகம் சுருங்கியது. "ஒண்ணுமே ஒட்டலையே. முடிவு முன்னாடி வருது. முதல் ஏடு இடது கோடியில கிடக்கு."

ரோங் வரிசையை வெறித்துப் பார்த்தாள். ஒரு கணம்தான். அடுத்த கணம் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். "எதிர்ல நிக்கற ஆளோட வலது கை நமக்கு இடது பக்கம்தானே தெரியும்? நாம முதுகைப் பார்த்து அடுக்கினோம். ஒண்ணொண்ணா அதே இடத்துல திருப்பினா தப்பு. மொத்த வரிசையையும் பாயைப் புரட்டற மாதிரி சேர்த்துப் புரட்டணும்."

வரிசையை மாற்றி வைத்தார்கள். முதல் ஏடு வலக்கோடிக்கு வந்தது. மனிதனின் இயல்பு கோணலானது, நேர்மை என்பது உழைத்துப் பெறுவது என்று ஆசான் தொடங்கினார். இரண்டாவது ஏடு, மூன்றாவது, நான்காவது... வென்ச்சிங் படிக்கப் படிக்க, பாதி நினைவில் இருந்த பாட்டை யாரோ பக்கத்தில் இருந்து எடுத்துக்கொடுப்பது போல வாய் தானாக ஓடியது. முதல் ஏடு இருந்த மூங்கில் முதலாவது, எழுத்துக் கணக்கு இருந்த மூங்கில் கடைசி, மிஞ்சியது நடு. அந்த நான்கு ஏடுகளும் நடு மூங்கிலில் வந்தன. சிலர் சொல்கிறார்கள். நல்லவர்கள் பிறப்பிலேயே நல்லவர்கள். நான் அப்படி நினைக்கவில்லை. தெருவில் போகிற எவரும்.

வென்ச்சிங் அழுதேவிட்டான். மூக்கைத் துடைத்துக்கொண்டு, "கயிறு எடு, கோத்துடலாம். நேரம் இருக்கு" என்றான்.

ரோங் கயிறு எடுக்கவில்லை. பாயைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "பெய் ஐயா என்ன சொல்வார்?"

"என்ன சொல்வார்?"

"'வாத்தியாரும் பெண்டாட்டியும் தங்களுக்குத் தோதா அடுக்கிட்டாங்க'ன்னு சொல்வார். நம்ம வீட்டுல காலங்காலமா சொல்ற வரிசையேதானே வந்திருக்கு? யார் நம்புவாங்க?"

சொல்லிக்கொண்டே அவள் மூலையில் இருந்த கீரைக் கூடையை எடுத்தாள். இரண்டு கைகளாலும் ஏடுகளை வாரிக் கூடைக்குள் போட்டாள்.

"அடிப்பாவி! என்ன பண்றே!"

"குலுக்கறேன்" என்றாள் ரோங், கூடையைக் குலுக்கியபடி. "படிச்சவங்க யார் அடுக்கினாலும் சந்தேகம் வரும். இதைப் படிக்கத் தெரியாத ஒருத்தன் அடுக்கணும். நீங்க பானைக் கூட்டிட்டு சத்திரத்துக்கு வாங்க. ஓடுங்க!"

சத்திரத்து முற்றத்தில் வண்டியில் குதிரைகளைப் பூட்டியாகிவிட்டது. லியாங் சூடான அவரைப்பயற்றுக் கூழைக் குடித்துக்கொண்டிருந்தார். பெய் யாவ்ச்சிங் பக்கத்தில் அமர்ந்து தம் சுருளின் பட்டுக் கயிற்றை நீவிக்கொண்டிருந்தார். கீரைக் கூடையோடு உள்ளே வந்த ரோங்கைப் பார்த்ததும் அவர் புன்னகைத்தார்.

"வாம்மா, சக்கரக்காரன் மகளே. ஆசானைக் கூடையில போட்டுக் கொண்டு வந்துட்டியா? கூறுகட்டி விக்கப் போறியா?"

"விக்கல ஐயா. நீங்களே ஒரு தடவை நல்லாக் கலக்கிக் குடுங்க."

புன்னகை நின்றது. லியாங் கிண்ணத்தைக் கீழே வைத்தார். ரோங் மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னாள். கோடு, கணு, சுற்று எல்லாம். லியாங் ஒரு ஏட்டை வாங்கி முதுகை வெயிலில் பிடித்துப் பார்த்தார். மற்றொன்றை வாங்கினார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். கோடு சேரவில்லை. மூன்றாவது ஒன்றை வைத்தார். அதுவும் சேரவில்லை. நான்காவது சேர்ந்தது. கண்ணை இமைக்காமல் அதையே பார்த்தார்.

"கலக்குங்க பெய் ஐயா" என்றார்.

பெய் கலக்கினார். தயிர் கடைவது போலக் கலக்கினார். அதற்குள் வென்ச்சிங்கும் பானும் வந்து சேர்ந்தார்கள். பானின் தலையில் மூங்கில் தூள் அப்படியே இருந்தது.

"உனக்குப் படிக்கத் தெரியுமா?" என்று லியாங் கேட்டார்.

"என் பேரை எழுதிக் காட்டினாக்கூட யாரோட பேருன்னு கேப்பேங்க."

"பொய்யா இருந்தா?" என்றார் பெய்.

"பெய் ஐயா, போன வருஷம் உங்க வீட்டு வாசப் பலகையைத் தலைகீழா மாட்டினது நான்தாங்க. மறந்துட்டீங்களா?"

முற்றத்தில் கூடியிருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். லியாங் இன்னும் ஒரு படி மேலே போனார். பான் முதுகுப் பக்கத்தை மட்டுமே பார்க்க வேண்டும், ஏட்டைத் திருப்பக் கூடாது என்றார். கூடையிலிருந்து ஒவ்வொன்றாகக் கவிழ்த்துத் தாமே ஒரு பாயில் எடுத்து வைத்தார்.

பான் உட்கார்ந்தான். எழுத்து எதுவும் தெரியாத அவன் விரல்கள் ஏடுகளுக்கு நடுவில் நாற்று நடுகிற வேகத்தில் போய் வந்தன. கணு மேலே, கணு நடுவே, கணு இல்லை என்று மூன்று குவியல். பிறகு கோடு. கோணலாக வந்ததை எடுத்து அடுத்த இடத்தில் செருகினான். உடைந்த பாதிகள் இரண்டையும் சேர்த்து ஓரிடத்தில் வைத்தான். வாய் ஏதோ பாட்டை முணுமுணுத்தது. அடுப்பில் தினைக் கஞ்சி கொதிக்கிற நேரம்கூட ஆகவில்லை. மூன்று வரிசை இறங்கி நின்றது. நடு வரிசையில் மட்டும் ஓரிடத்தில் கை தயங்கியது.

"இங்க ஒண்ணு குறையுது."

பெய் எட்டிப் பார்த்தார். பதினோராவது ஏட்டுக்கும் பன்னிரண்டாவதுக்கும் இடையில் கோடு ஒரு தப்பையின் அளவுக்குத் தாண்டி விழுந்திருந்தது. "காணாமப் போன ஏடு! பார்த்தீங்களா லியாங் ஐயா? திருப்புங்க, அது எந்த இடம்னு பார்க்கலாம்."

மேலே இன்னொரு பாயைப் போட்டு அழுத்திப் பிடித்து, மொத்த வரிசையையும் சேர்த்துப் புரட்டினார்கள். ரோங் குனிந்து படித்தாள். பதினோராவது ஏடு ஆசானின் மறுப்பு. பன்னிரண்டாவது தெருவில் போகிறவர். சரியாக இரண்டுக்கும் நடுவில் ஓட்டை.

"அந்த ஏட்டுலதான் விஷயமே இருந்திருக்கு" என்றார் பெய். குரலில் தேன் வழிந்தது. "'வேறு சிலர் சொல்கிறார்கள்'னு அதுல இருந்திருக்கும். அப்ப தெருவுல போறவர் பேச்சும் ஆசானோடது இல்லை. ஓட்டைச் சுருளை அரண்மனைக்கு எடுத்துட்டுப் போவீங்களா?"

"தப்பை குறையுது, நூல் குறையலைங்க" என்றான் பான். "பிளக்கும்போது ஒண்ணு ரெண்டு சொத்தையா வரும். தூக்கி அடுப்புல போட்டுட்டு மிச்சத்தைக் கோத்துடுவோம். அங்க எழுத்தே ஏறியிருக்காது."

"உன் கொள்ளுத்தாத்தா அடுப்புல போட்டதை நீ பார்த்தியா?"

எல்லாரும் லியாங்கைப் பார்த்தார்கள். லியாங் வண்டியைப் பார்த்தார்.

ரோங் பார்த்தது கடைசி ஏட்டை. "ஐயா, எண்ணுங்க" என்றாள். "மொத்தம் ஆயிரத்து இருநூத்து முப்பத்தேழு எழுத்துன்னு கடைசி ஏட்டுல போட்டிருக்கு. எழுதி முடிச்ச அன்னிக்கு எண்ணிப் போட்டது. ஒரு ஏடு தொலைஞ்சிருந்தா இருபது எழுத்தாவது குறையும். சொத்தைத் தப்பையை எழுதறதுக்கு முன்னாடியே எடுத்திருந்தா, ஒண்ணுகூடக் குறையாது."

லியாங் தாமே எண்ணினார். பெய்யும் அவர் தோளுக்கு மேலே குனிந்து எண்ணினார், தவறு கண்டுபிடிக்கும் ஆசையில் லியாங்கைவிடக் கவனமாகவே எண்ணினார். முதல் மூங்கில், நானூற்றுப் பதினெட்டு. நடு மூங்கில் முடிய, எண்ணூற்றுப் பதினாறு. வென்ச்சிங் கண்ணை மூடிக்கொண்டான். கடைசி மூங்கிலின் கடைசி ஏட்டில் லியாங்கின் விரல் இறங்கியது. கணக்கு எழுதிய சிறு வரிக்குச் சற்று மேலே நின்றது.

"ஆயிரத்து இருநூத்து முப்பத்தேழு."

"முப்பத்தேழு" என்றார் பெய்யும், தம்மை அறியாமல்.

அப்புறம் முற்றத்தில் எழுந்த கூச்சலில் குதிரைகள் மிரண்டன. மூங்கில்காரன் பானை யாரோ தோளில் தூக்கிக்கொண்டார்கள். பெய் தம் பட்டுக் கயிற்றுச் சுருளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் எழுந்து போனார். லியாங் வட்டாரத் தலைவருக்கு அங்கேயே ஒரு பலகையில் நான்கு வரி எழுதி முத்திரையிட்டார். சூளைத் தெருப் பிள்ளைகள் பள்ளியில் இருக்கலாம், ஆசானின் சொல் அதுவே.

எழுதி முடித்ததும் அவருடைய அதிகார மிடுக்கெல்லாம் போய்விட்டது. "அம்மா, சாங்ஆன்ல ஒரு அறை நிறைய உதிர்ந்த சுருள் குவிஞ்சு கிடக்கு. படிச்சுப் படிச்சுச் சேர்க்கறோம். ஆளுக்கு ஒரு வரிசை சொல்லி அடிச்சுக்கறோம். ஒருத்தரும் திருப்பிப் பார்க்கலையே! இன்னொரு தடவை சொல்லுங்க, மெதுவா, நான் எழுதிக்கறேன். எல்லாத்துலயும் கோடு இருக்குமா?"

"கீறின பட்டறையில வாங்கினதா இருந்தா இருக்கும். கீறாததுக்கு வழி இல்லை ஐயா" என்றாள் ரோங்.

லியாங் தூரிகையை மையில் தோய்த்தார். அவள் சொல்லச் சொல்ல எழுதினார்:

"ஏடுகளை எல்லாம் கவிழ்த்துப் போட்டு முதுகைத் துடைக்கவும். கணுவின் தடம் ஒரே உயரத்தில் உள்ளவற்றை ஒரு மூங்கில் என்று பிரிக்கவும். ஒவ்வொரு மூங்கிலிலும், கோடு மிக உயரத்தில் உள்ள ஏட்டை இடக்கோடியில் வைத்து, கோடு விட்டுப்போகாமல் இறங்கும்படி வலப்பக்கம் அடுக்கிக்கொண்டே போகவும். நடுவில் கோடு ஒரு தப்பை அளவு தாண்டினால், புரட்டிய பிறகு கடைசி ஏட்டில் உள்ள எழுத்துக் கணக்கோடு மொத்தத்தை எண்ணிச் சரிபார்க்கவும். சரியாக இருந்தால் எதுவும் தொலையவில்லை. அடுக்கி முடித்ததும், ஒவ்வொன்றாகத் திருப்பாமல், மொத்த வரிசையையும் ஒன்றாகப் புரட்டவும். வலக்கோடியிலிருந்து படிக்கவும்."